பொறியியல் பேராசிரியர் வணிகப் பள்ளித் தலைவராவது எப்படி? மட்டக்களப்பு, அம்பாறை மாணவரும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

உயர்தரம் முடித்த பிள்ளைகளுக்கான வழிகாட்டல் கூட்டங்களில், கல்லடியானாலும் கல்முனையானாலும், ஒரு கட்டத்தில் இந்தப் பேச்சு வந்துவிடும். "இன்ஜினியரிங் படித்த மனிசன் எப்படி மனேஜ்மன்ட் பள்ளிக்குப் பெரியவராகிறார்?" என்று ஒருவர் தொடங்குவார், பின்னாலேயே பத்துக் கேள்வி வரும். அடிக்கடி வருபவற்றை இங்கே சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

பொறியியல்காரர் ஒருவர் வணிகப் பள்ளிக்குத் தலைவராக வருவது உண்மையில் நடக்கிறதா?

நடக்கிறது, அதுவும் உலகின் பெரிய பள்ளிகளில். நியூயோர்க்கின் கொலம்பியா வணிகப் பள்ளிக்கு 2019 இல் பீடாதிபதியான கோஸ்டிஸ் மக்லராஸ், இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் மின் பொறியியல் படித்தவர். ஸ்டான்போர்டில் அவர் பெற்ற கலாநிதிப் பட்டமும் மின் பொறியியலில்தான். சிகாகோ பூத் பள்ளியை 2011 முதல் 2016 வரை நடத்திய சுனில் குமார், மங்களூர்ப் பல்கலைக்கழகத்தில் பொறியியல், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் கணினி, பிறகு அமெரிக்காவின் இலினோயில் மின் பொறியியல் என்று ஏறிப்போனவர். 2010 முதல் 2020 வரை ஹார்வர்ட் வணிகப் பள்ளியின் பீடாதிபதியாக இருந்த நிதின் நோரியா, பம்பாய் ஐ.ஐ.டி.யில் இரசாயனப் பொறியியல் படித்தவர். பெல்ஜியத்து ஆர்னூ டி மேயர் மின் பொறியியலில் தொடங்கி, கேம்பிரிட்ஜின் ஜட்ஜ் வணிகப் பள்ளியை நடத்திவிட்டு, 2010 இல் சிங்கப்பூர் முகாமைத்துவப் பல்கலைக்கழகத்தின் தலைவரானார்.

இவர்கள் எல்லாரும் பொறியியல் பேராசிரியர்களாக இருந்துவிட்டு மாறியவர்களா?

இல்லை. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். மக்லராஸும் குமாரும் கலாநிதிப் பட்டத்தைப் பொறியியலில் வாங்கினாலும் முதல் வேலையே வணிகப் பள்ளியில்தான் எடுத்தார்கள். ஒருவர் கொலம்பியாவில், மற்றவர் ஸ்டான்போர்டில். நோரியா முதல் பட்டத்தோடேயே பொறியியலை விட்டு, எம்.ஐ.டி.யின் ஸ்லோன் பள்ளியில் முகாமைத்துவத்தில் கலாநிதியானார்.

பொறியியல் பக்கத்தில் உண்மையாகவே கற்பித்துவிட்டு வந்தவருக்கு நல்ல உதாரணம் போர்த்துக்கல்லைச் சேர்ந்த பிரான்சிஸ்கோ வெலோசோ. லிஸ்பனில் பொறியியல் பௌதிகம் படித்தார். எம்.ஐ.டி.யில் தொழில்நுட்பம், முகாமைத்துவம், கொள்கை மூன்றும் கலந்த துறையில் கலாநிதிப் பட்டம். பிறகு கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் பொறியியல் மற்றும் பொதுக்கொள்கைத் துறையில் பேராசிரியர். அங்கிருந்து 2012 இல் லிஸ்பன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளிக்குப் பீடாதிபதியாகப் போனார், 2017 இல் இலண்டனின் இம்பீரியல் வணிகப் பள்ளி, 2023 இல் பிரான்சின் இன்சியாட் வணிகப் பள்ளி. மூன்று நாற்காலி, மூன்று நாடு.

ஆகவே ஒருவர் பெயரைக் கேட்டவுடன் "இன்ஜினியராம்" என்று நிறுத்தாமல், எந்தப் படியில் பாதை திரும்பியது என்று பாருங்கள். முதல் பட்டத்துக்குப் பிறகா, கலாநிதிப் பட்டத்துக்குப் பிறகா, பேராசிரியரான பிறகா? கடைசி வகை மற்ற இரண்டையும்விடக் குறைவு.

தமிழர் யாராவது?

பாலா பாலச்சந்திரன். தமிழ்நாட்டில் பிறந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அமெரிக்காவின் டேட்டன் பல்கலைக்கழகம் வழியாகக் கார்னகி மெலனுக்குப் போய்க் கலாநிதியானார். 1973 முதல் நோர்த்வெஸ்டர்னின் கெலொக் பள்ளியில் கற்பித்தார். 2004 இல் சென்னையில் கிரேட் லேக்ஸ் முகாமைத்துவ நிறுவனத்தைத் தொடங்கினார். 2021 இல் காலமானார். கணிதமும் அளவைமுறையும் அவரைக் கணக்கியலுக்குக் கொண்டுபோயின. ஏற்கெனவே இருந்த நாற்காலியில் போய் அமராமல் பள்ளியையே கட்டியது அவரை மற்றவர்களிலிருந்து வேறுபடுத்துகிறது.

நம் நாட்டில் பேராசிரியர் அழகையா துரைராஜாவை மறக்க முடியாது. வணிகப் பள்ளிக்காரர் அல்ல என்றாலும், பொறியியல் பேராசிரியர் ஒருவர் நிறுவனத் தலைமைக்குப் போனதற்கு இதைவிடக் கடினமான உதாரணம் கிடைக்காது. கேம்பிரிட்ஜில் மண்பொறியியலில் ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோருடன் சேர்ந்து எழுதிய 1963 ஆம் ஆண்டு ஆய்வுக்கட்டுரை அந்தத் துறையில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. அப்படிப்பட்டவர் 1988 முதல் 1994 இல் இறக்கும்வரை, யுத்தத்தின் நடுவே, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார்.

என் மகன் இன்ஜினியரிங் முடித்துவிட்டு எம்.பி.ஏ. செய்யப் போகிறான். அதுதானே இந்த வழி?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் அழுத்தித்தான் பதில் சொல்ல வேண்டும். அல்ல. எம்.பி.ஏ. என்பது கம்பனியில் வேலை செய்கிறவர் மேலே போவதற்கான படிப்பு. வங்கியில் முகாமையாளராக, ஆடைத் தொழிற்சாலையில் பொது முகாமையாளராக, சொந்தத் தொழிலைப் பெருப்பிக்க அது உதவும். வணிகப் பள்ளியில் பேராசிரியராகி, பிறகு அதற்குத் தலைவராகும் பாதை வேறு. அதன் வாசல் கலாநிதிப் பட்டமும் ஆய்வுக் கட்டுரைகளும்.

மேலே சொன்னவர்களை எடுத்துப் பாருங்கள். அவர்களை நாற்காலிவரை கொண்டுபோனது ஆய்வு. பள்ளிக்குள் இருக்கும் பேராசிரியர்கள் "இவர் நம்மில் ஒருவர்" என்று மதிக்காவிட்டால் பீடாதிபதி ஒரு பாடத்திட்டத்தைக்கூட மாற்ற முடியாது. அந்த மதிப்பைத் தருவது பல ஆண்டு ஆய்வு. வெளியே கம்பனி நடத்தியவர்களை நேரே பீடாதிபதியாக எடுக்கும் பள்ளிகளும் உண்டு, ஆனால் அது இன்னொரு கதை.

மகன் எம்.பி.ஏ. செய்யட்டும், தப்பில்லை. என்னத்துக்காகச் செய்கிறான் என்று தெரிந்து செய்யட்டும். கடன் வாங்கிக் கட்டணம் கட்டுகிற குடும்பங்களை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

மின் பொறியியலுக்கும் வணிகத்துக்கும் என்ன சம்பந்தம்? இரண்டும் இரண்டு உலகம் இல்லையா?

நடுவில் ஒரு நிலம் இருக்கிறது. செயல்பாட்டு ஆய்வு, முடிவெடுத்தல் கணிதம் என்று பல பெயர். இரண்டாம் உலகப் போரில் ராடார்களை எங்கே வைப்பது, கப்பல் தொடர்களை எவ்வளவு பெரிதாக அனுப்புவது என்று கணக்குப் போட்ட பிரித்தானிய விஞ்ஞானிகளிடம் உருவான துறை இது. போர் முடிந்ததும் தொழிற்சாலைகளுக்குப் போனது.

அதன் ஒரு கிளை வரிசைக் கோட்பாடு, அதாவது வரிசையில் காத்திருப்பதைக் கணக்கிடும் கணிதம். குமாருக்கும் மக்லராஸுக்கும் ஆய்வு வேர் இங்கேதான். தொடங்கியது இன்னும் முந்தி. கொப்பன்ஹேகன் தொலைபேசி நிலையத்துக்கு எத்தனை இணைப்பு வேண்டும் என்று கணக்கிட்ட எர்லாங் என்பவர் 1909 இலேயே முதல் கட்டுரையை எழுதிவிட்டார். தொலைபேசி அழைப்பும் காத்திருக்கிறது, கணினிக்குள் தரவும் காத்திருக்கிறது, ஆஸ்பத்திரியில் நோயாளியும் காத்திருக்கிறார். கணக்கு ஒன்றேதான். அதனால்தான் மின் பொறியியல் ஆய்வுக்கூடத்திலிருந்து வணிகப் பள்ளிக்கு ஆட்கள் இவ்வளவு சுலபமாக வருகிறார்கள்.

நம்முடைய இடத்தில் வைத்துப் பார்ப்போம். பெரும்போக அறுவடை நேரம், சம்மாந்துறைப் பக்கத்தில் ஒரு நெல் ஆலை. மணிக்கு 6 லொறி வருகிறது, ஒவ்வொன்றும் உள்ளே வந்து இறக்கிவிட்டு வெளியேறச் சராசரி 2 மணித்தியாலம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த நேரத்தில் போய்ப் பார்த்தாலும் சராசரியாக 12 லொறி அங்கே நிற்கும். வருகை வேகத்தைத் தங்கும் நேரத்தால் பெருக்கினால் போதும். இதைப் பின்னாளில் எம்.ஐ.டி. பேராசிரியரான ஜோன் லிட்டில் 1961 இல் முறையாக நிறுவினார். முற்றத்தில் 8 லொறிக்குத்தான் இடம் என்றால் 4 லொறி வீதியில். முதலாளி முற்றத்தைப் பெருப்பிக்க யோசிப்பார். தராசுக்கும் ஈரப்பதம் பார்ப்பதற்கும் இன்னொரு ஆளைப் போட்டுத் தங்கும் நேரத்தை ஒரு மணித்தியாலமாக்கினால் 6 லொறிதான் நிற்கும், மதிலைத் தொடவே தேவையில்லை.

இன்னொன்று கேளுங்கள், இது பலருக்கு ஆச்சரியம். ஒரே ஒரு கவுண்டர், ஆட்கள் ஒழுங்கில்லாமல் வருகிறார்கள், வேலை முடியும் நேரமும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. கவுண்டர் நேரத்தில் 90 வீதம் வேலையாக இருந்தால், சராசரியாக 9 பேர் அங்கே இருப்பார்கள். அதை 95 வீதமாக்கினால்? 19 பேர். வெறும் 5 வீதம் கூடியதற்கு வரிசை இரட்டிப்பாகிவிட்டது. "ஊழியர் சும்மா இருக்கக் கூடாது" என்று ஒவ்வொரு நிமிடத்தையும் நிரப்புகிற முகாமையாளர் ஏன் வாடிக்கையாளரை இழக்கிறார் என்பதற்கு இந்தக் கணக்கில் விடை இருக்கிறது. பொறியியல் படித்தவருக்கு வணிகப் பள்ளி வகுப்பறையில் மரியாதை கிடைப்பது இந்த மாதிரி இடத்தில்தான்.

வணிகப் பள்ளிகள் ஏன் இவர்களைத் தேடி எடுக்கத் தொடங்கின?

எம்.ஐ.டி.யின் வணிகப் பள்ளி பிறந்ததே 1914 இல் "பொறியியல் நிர்வாகம்" என்ற பாடநெறியாகத்தான். 1964 இல் அதற்கு ஸ்லோன் என்று பெயர் வந்தது; ஜெனரல் மோட்டர்ஸை நடத்திய அந்த அல்பிரட் ஸ்லோனும் எம்.ஐ.டி.யில் மின் பொறியியல் படித்தவர்.

மற்ற இடங்களில் மாற்றம் 1959 க்குப் பிறகு. போர்ட் அறக்கட்டளையின் பணத்தில் அமெரிக்க வணிகக் கல்வியை ஆராய்ந்த அறிக்கை ஒன்று, அதன் ஆய்வுத் தரம் பலவீனம் என்று போட்டு உடைத்தது. அப்புறம் கணிதக்காரர், பொருளியலாளர், பொறியியலாளர் என்று எடுக்கத் தொடங்கினார்கள். அன்று இளம் விரிவுரையாளராகச் சேர்ந்த வகையினரின் மாணவர்களும் அவர்களின் மாணவர்களும்தான் இன்று பீடாதிபதிகள். சம்பளமும் ஒரு காரணம்: அமெரிக்காவில் வணிகப் பள்ளிப் பேராசிரியருக்குப் பொதுவாகப் பொறியியல் பேராசிரியரைவிடக் கூடக் கிடைக்கும்.

தலைவரான பிறகு என்ன செய்கிறார்? கற்பிப்பாரா?

மிகக் குறைவாக. பெரும்பகுதி நேரம் பணம் திரட்டுவதில் போகும். சிகாகோ பள்ளியின் பெயரிலுள்ள "பூத்", 2008 இல் 300 மில்லியன் டொலர் கொடுத்த பழைய மாணவர் டேவிட் பூத். கொலம்பியா 2022 இல் மன்ஹட்டன்வில்லில் திறந்த இரண்டு புதிய கட்டடங்களுக்கும் கொடையாளர்களின் பெயர்களே. அத்தகைய கொடைகள் ஒரு தேநீர்ச் சந்திப்பில் வருவதில்லை, ஆண்டுக்கணக்கான உறவில் வருகின்றன. அந்த உறவைப் பேணுவது பீடாதிபதியின் வேலை.

பிறகு ஆட்சேர்ப்பு, தரவரிசை, தரச்சான்று. பிறகு உள்ளுக்குள் சண்டை தீர்ப்பது: நிதித்துறைக்கு இரண்டு இடம் கொடுத்தால் சந்தைப்படுத்தல் துறை முறைக்கும்.

இங்கே பொறியியல் பயிற்சி காலை வாரிவிடவும் கூடும் என்பது என் எண்ணம். கணக்கில் மிகச் சிறந்த விடையைக் கண்டுபிடித்தால் வேலை முடிந்தது. பீடத்தில் விடை சரியாக இருந்தாலும், நிரந்தரப் பதவியில் இருக்கும் ஒரு பேராசிரியர் "முடியாது" என்று சொன்னால் ஒன்றும் செய்ய இயலாது. அவரைக் கட்டளையிட்டு நடத்த முடியாது, மெதுவாக இணங்க வைக்க வேண்டும். இதைக் கற்றுக்கொண்டவர்களே இரண்டாம் தவணை பார்க்கிறார்கள்.

எத்தனை வருடம் எடுக்கும்?

கலாநிதிப் பட்டத்திலிருந்து எண்ணினால் குமாருக்கு 15 ஆண்டு (1996 இலிருந்து 2011), மக்லராஸுக்கு 21 (1998 இலிருந்து 2019), நோரியாவுக்கு 22 (1988 இலிருந்து 2010). இடையில் துறைத் தலைவர், துணைப் பீடாதிபதி போன்ற படிகள் வரும்.

அதற்குப் பிறகு?

சிலர் வகுப்பறைக்குத் திரும்புவார்கள். சிலர் மேலே போவார்கள். குமார் ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் கல்வித் தலைமைப் பொறுப்புக்குப் போய், 2023 இல் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் தலைவரானார்.

இலங்கையில் இது நடக்குமா? ஒலுவிலில் பொறியியல் பேராசிரியராக இருப்பவர் பக்கத்து முகாமைத்துவ பீடத்துக்குப் பீடாதிபதியாகலாமா?

தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடமும் முகாமைத்துவ வர்த்தக பீடமும் ஒலுவில் வளாகத்திலேயே இருப்பதால் கேள்வி நியாயமானது. ஆனால் நேரடியாக முடியாது. 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டப்படி, பீடச் சபை தன் பீடத்தவருள் ஒருவரைத் தெரிவுசெய்யும். காலம் 3 ஆண்டு. அமெரிக்காவில் தேடல் குழு அமைத்து உலகம் முழுக்க ஆள் தேடி, பல்கலைக்கழகத் தலைமை நியமிக்கும். நம்முடையது தேர்தல், அவர்களுடையது நியமனம். அதனால் நம் பீடாதிபதிக்கு வெளியிலிருந்து புது யோசனை கொண்டுவரும் வாய்ப்புக் குறைவு. சக ஊழியரின் ஆதரவோ அதிகம்.

துணைவேந்தர் பதவிக்கு அந்த வேலி இல்லை. பேரவை மூன்று பெயர் அனுப்ப, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் சிபாரிசில் ஜனாதிபதி நியமிப்பார். பொறியியல் பேராசிரியர்கள் அங்கே வருவது புதிதல்ல.

இடைப்பட்ட நிலம் நம் நாட்டிலும் இருக்கிறது. மொறட்டுவையில் தொழில்நுட்ப முகாமைத்துவத் துறை பொறியியல் பீடத்துக்குள் வளர்ந்தது, இன்று அந்தப் பல்கலைக்கழகத்தில் தனியான வணிக பீடமே உண்டு.

கிழக்கில் இப்படிப்பட்டவருக்கு என்ன வேலை இருக்கிறது?

ஒலுவில் துறைமுகத்தைப் போய்ப் பாருங்கள். 2013 இல் திறந்தார்கள். வாயிலில் மணல் சேர்ந்தது, வடக்கே நிந்தவூர்ப் பக்கக் கரையைக் கடல் அரித்தது, வணிகக் கப்பல் துறைமுகம் என்ற கனவு நின்றுபோனது. மணல் நகர்வைக் கணிப்பது பொறியியல். ஒவ்வொரு ஆண்டும் மணல் அள்ளும் செலவை யார் கொடுப்பது, இங்கே எந்தச் சரக்கு வரப்போகிறது, கரைவலைக்காரருக்கு என்ன பதில் என்பது முகாமைத்துவம். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துக் கேட்கத் தெரிந்தவர்கள் தொடக்கத்திலேயே வேண்டும்.

வாழைச்சேனைக் கடதாசி ஆலையும் அப்படித்தான். வைக்கோலிலிருந்து கடதாசி என்பது நெல் விளையும் மாவட்டத்துக்கு அருமையான யோசனை. இயந்திரம் பழசாகிப் போனது, மாற்ற முதல் இல்லை, இறக்குமதிக் கடதாசி மலிவு. எந்த ஒரு பாடப்புத்தகத்திலும் முழு விடை இல்லாத பிரச்சினை. கிழக்குப் பல்கலைக்கழக வர்த்தக முகாமைத்துவ பீடத்து மாணவர்கள் வந்தாறுமூலையிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வாழைச்சேனை. இதை ஓர் ஆய்வுக் கதையாக எழுதி வகுப்பில் வைத்தால் அமெரிக்கக் கம்பனிக் கதைகளைவிட நன்றாக விவாதம் நடக்கும்.

மகள் கொமர்ஸ் படிக்கிறாள். அவளுக்கு இந்தக் கதவு மூடியதா?

பொறியியல் பட்டத்தின் கதவு மூடியது. அதற்கு இணைந்த கணிதமும் பௌதிகமும் இரசாயனமும் வேண்டும். வணிகப் பள்ளித் தலைமைக்கான கதவு திறந்தே இருக்கிறது. நோரியாவுக்குப் பின் 2021 இல் ஹார்வர்ட் பள்ளிக்குப் பீடாதிபதியான சிறீகாந்த் தத்தார் கணக்கியல் பேராசிரியர். நம் பக்கத்தில் "மட்ஸ் என்றால் இன்ஜினியர், பயோ என்றால் டொக்டர், மிச்சம் கொமர்ஸ்" என்று பிள்ளையின் முகத்துக்கு நேரே சொல்லும் வழக்கம் இருக்கிறதே, அதை முதலில் விடுங்கள். மகள் கணிதத்தை மட்டும் கைவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புள்ளிவிபரவியல் இல்லாமல் இன்று எந்த வணிக ஆய்வும் இல்லை.

ஆங்கிலம் தடையாகுமா?

தமிழ் மொழிமூலத்தில் படித்து வந்த பிள்ளைக்கு முதல் ஆண்டு கஷ்டம்தான். பொறியியல் பட்டம் இங்கேயே ஆங்கிலத்தில் என்பதால் கலாநிதிப் படிப்புக்குப் போகும்போது வாசிப்பு பழகியிருக்கும். எழுத்துத்தான் பின்தங்கும், அதற்குப் பயிற்சி தனியாக வேண்டும்.

எங்கே விண்ணப்பிப்பது, செலவு எவ்வளவு?

அமெரிக்கப் பெரிய பல்கலைக்கழகங்களில் இந்தத் துறைக் கலாநிதிப் படிப்புக்குப் பெரும்பாலும் கட்டணம் தள்ளுபடி, மாத உதவித்தொகையும் தருவார்கள். எம்.பி.ஏ.க்குக் கடன் வாங்க வேண்டும், கலாநிதிப் படிப்புக்கு அவர்கள் கொடுப்பார்கள் என்றால் பெற்றோர் நம்புவதே இல்லை! விண்ணப்ப முடிவுத் திகதிகள் அதிகமும் டிசம்பரிலும் ஜனவரியிலும் வரும். "செயல்பாட்டு முகாமைத்துவம்", "செயல்பாட்டு ஆய்வு", "தொழிற்சாலைப் பொறியியல்" என்ற பெயர்களின் கீழ்த் தேடுங்கள். ஒரே பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடத்திலும் வணிகப் பள்ளியிலும் ஏறக்குறைய இதே படிப்பு இருக்கும். எந்தப் பேராசிரியரோடு வேலை செய்ய ஆசை என்பதை வைத்துத் தெரிவுசெய்யுங்கள்.

பக்கத்தில் இந்தியா. சென்னை ஐ.ஐ.டி.யிலும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும் முகாமைத்துவத் துறைகள் உண்டு. மும்பையில் 1963 இல் தொழிற்சாலைப் பொறியியலுக்கென்று தொடங்கிய நிறுவனம் 2023 இல் ஐ.ஐ.எம். மும்பை ஆகிவிட்டது. இலங்கை மாணவருக்கு இந்திய அரசின் புலமைப்பரிசில்கள் ஒவ்வோர் ஆண்டும் அறிவிக்கப்படுகின்றன; கொழும்பிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் அறிவித்தலைப் பாருங்கள்.

பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கிறேன். இப்போதே என்ன செய்யலாம்?

நிகழ்தகவும் நேரியல் திட்டமிடலும் நன்றாகப் படியுங்கள். பைதான் என்ற கணினி நிரல்மொழி தெரிந்திருக்க வேண்டும். இறுதியாண்டு ஆய்வுக்கு உள்ளூர்த் தரவு எடுங்கள்: மருதமுனை நெசவு நிலையம் ஒன்றின் நூல் இருப்பு, மட்டக்களப்பு பஸ் நிலையத்தின் நேர அட்டவணை, பாசிக்குடா ஹோட்டல் அறை விலை பருவத்துக்குப் பருவம் மாறும் விதம். மூன்றாவது, மக்லராஸ் ஆய்வு செய்த விலை நிர்ணயத் துறையிலேயே வருகிறது. பரிந்துரைக் கடிதம் தரப்போகும் விரிவுரையாளரிடம் செப்டம்பரிலேயே பேசுங்கள், நவம்பர் கடைசியில் போய் நின்றால் அவருக்கும் கஷ்டம், கடிதமும் நாலு வரியில் வரும்.